கிளினிக்கில் கடை வைப்பதென்றால்

நாய், பூனை பார்க்கும் கிளினிக்கில் காத்திருக்கும் இடத்திலேயே தீனி, சங்கிலி, உண்ணி மருந்து எல்லாம் விற்பது இப்போ சின்ன ஊர்களிலும் சாதாரணம். தப்பில்லை. ஆனால் அலமாரியை மனுஷன் கண்ணுக்கு வைத்துவிட்டு நாயின் மூக்கை மறந்துவிடுகிறார்கள். தரையில் தீனி மூட்டை அடுக்கினால் முதல் ஆண் நாயே காலைத் தூக்கும். அதைவிட மோசம் பார்வோ. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். கழிச்சலோடு வரும் குட்டியை விற்பனைப் பக்கம் உட்காரவே விடக்கூடாது.

சிவகாசி வட்டாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மனுஷக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். சட்டம் வெடிக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை அனுமதிக்கிறது. ரோட்டைப் பார்த்து ஷட்டரைத் திறந்துபோட்டால், தெருவில் ஒரு வெடி போதும், உள்ளே உட்கார்ந்திருப்பது அத்தனையும் மிரளும். ரெண்டு கதவு போடுங்கள்: சத்தமும் குறையும், சங்கிலி நழுவினாலும் நாய் ரோட்டுக்கு ஓடாது.

அதே மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு (2005-ல் தபால் தலையில்கூட வந்தது) இது பொருந்தாமலும் போகலாம். அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். செவிட்டு நாயைப் பின்னாலிருந்து தொட்டால் கடிக்கத்தான் செய்யும். சாமான் பார்க்க வருகிறவர் அதன் முதுகுப் பக்கமாக நடக்காதபடி பெஞ்சைச் சுவரோரம் போட வேண்டும். பூனைக் கூடையைத் தரையில் வைக்காமல், நாய் கண்ணுக்குப் படாத உயரத்தில் ஒரு பலகையில் வையுங்கள்.

எதை எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாம்? தீனி, கிண்ணம், சீப்பு, கழுத்துப்பட்டை. உண்ணி மருந்து மட்டும் கவுண்டருக்குப் பின்னால்தான். நாய்க்கான சில மருந்தில் பெர்மெத்ரின் இருக்கும். பூனை மேல் பட்டால் நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். ரெண்டு டப்பாவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், "எல்லாம் உண்ணி மருந்துதானே" என்று வாங்கிப் போய்விடுவார்கள்.

என்னைக் கேட்டால் அலமாரியைவிட நன்றாக விற்பது எடை மெஷின்தான். பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் எடைக்கேற்ற அளவு. அதனால் மெஷினைக் கவுண்டரை ஒட்டிப் போடுங்கள். நாயை ஏற்றி நிறுத்தியதும் "எத்தனை கிலோ, போன தடவை எப்போ கொடுத்தீங்க?" என்று பேச்சு தானாக வரும். மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். கால் வழுக்கின நாய் அடுத்த முறை வாசலிலேயே படுத்துக்கொள்ளும்.