பிசான அறுவடையும் லெந்துப் பிரசங்கமும்

லெந்து நாட்களின் கணக்கைப் பற்றி மாணவர் கேட்பதுண்டு. சாம்பற்புதன் தொடங்கி உயிர்த்தெழுதலின் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை வரை 46 நாட்கள் உள்ளன. அவற்றில் ஆறு ஞாயிறுகள் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாட்களாதலால் உபவாசக் கணக்கிற் சேரா. கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே இந்நாற்பது குறிப்பிடப்படுகிறது. ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாவோரும், சபையின் ஐக்கியத்தை இழந்து மனந்திரும்பி வருவோரும் பழங்காலத்தில் இந்நாட்களைச் சிறப்பாக அனுசரித்தனர்.

இவை நூல்களிற் கிடைப்பவை. அம்பாசமுத்திரம் பகுதியில் லெந்து எவ்வேலைகளின் நடுவே வருகின்றது என்பதை வயலருகே சென்றே அறிய வேண்டும். கார், பிசானம் என இங்கே நெற்பயிர் இரு போகம். நதியுண்ணிக் கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் பாயும் நீரால் விளையும் பிசான நெல் பெரும்பாலும் மாசி பங்குனியில் அறுவடையாகும். ஆலயத்தில் ஊதாத் துணி விரிக்கப்படுவதும் அப்போதுதான்.

ஓய்வுபெற்று இப்பகுதியில் வாழும் மூத்த போதகர் ஒருவர் லெந்துதோறும் அண்டைச் சேகரங்களுக்குப் பிரசங்கிக்க அழைக்கப்படுகிறார். உபவாசத்தைக் குறித்துப் பேசுமாறே பெரும்பாலோர் கேட்கின்றனராம். கேட்க அமர்ந்திருப்போர் யாவர்? நிலமுடையோர், அறுப்புக் கூலிகள், நாள்முழுதும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிய பெண்கள். வேலை கிடைத்த நாளில் மட்டும் வயிறார உண்பவரிடம் ஒருவேளை உணவை விடும்படி எப்படிச் சொல்வது என்று அவர் நம்மைக் கேட்டார். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அவ்வேலை நாட்களும் குறைந்துவிட்டன.

ஆகவே அவர் ஏசாயா 58ஐ எடுக்கிறார். தங்கள் உபவாசத்தைத் தேவன் பாராததேன் என்று கேட்கும் ஜனங்களுக்கு, உபவாச நாளிலேயே அவர்கள் வேலையாட்களை ஒடுக்குவதைத் தீர்க்கதரிசி சுட்டிக்காட்டுகிறார். அதனோடு யாக்கோபு 5:4ஐயும் சேர்க்கிறார். அங்கே அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. பிசான அறுவடையில் வாசிக்க இதனினும் பொருத்தமான பகுதி எது? பீடி வேலைக்கும் இது பொருந்தும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, தரமில்லையென்று கழித்துக் குறைப்பவரும் சபையின் முன்வரிசையில் அமரக்கூடும்.

இப்பிரசங்கம் முதல் வாரத்திலேயே வரவேண்டும் என்பது அவர் அனுபவம். கூலி பேசுமுன் சொன்னால் அது ஆலோசனை. நெல் வீடுசேர்ந்தபின் சொன்னால் வெறும் கண்டனம்.

பணியிலிருக்கும் போதகர் தயங்குவதை ஓய்வுபெற்றவர் துணிந்து கூறலாம், தமக்கு இனி மாற்றல் உத்தரவில்லை என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதில் நாம் அவரோடு முழுதும் உடன்படுவதற்கில்லை. பிரசங்கித்தவர் இரவுப் பேருந்தில் வீடு திரும்பிவிடுவார். மறுநாள் சேகரக் கமிட்டியாருக்கு விடை சொல்லவேண்டியவர் சேகரகுருவே. அவரோடு முன்னரே கலந்து பேசுவதும், நிலமுடையோரின் வீட்டிற்குச் சென்று தனித்து உரையாடுவதும் அவசியம் என்றோம். வீடு சந்திப்பைத் தாம் நெடுநாளாகச் செய்துவருவதாகவும், அங்கே தேநீர் தாமதமாய் வந்தால் வார்த்தை தைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதாகவும் கூறினார்.

மற்றபடி, களத்திலிருந்து களைத்து வருவோருக்குக் கால்மணி நேரப் பிரசங்கம் போதும், வேதபாடத்தை மட்டும் இருமுறை நிதானமாய் வாசிக்கவேண்டும் என்கிறார். நம் மாணவர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.