ஊரை எரித்தவளும் ஊர் எரித்தவளும்

நீதி கெட்ட நாடு. அதில் சிக்கிச் சீரழியும் பெண். பொறுத்துப் பொறுத்து ஒருநாள் அவளிடம் பிறக்கும் அசாத்திய சக்தி. அதன் முன் சரியும் அரியணை. உலகம் முழுக்க இன்று விற்றுத் தீரும் மாயப் புனைவு நாவல்கள் பலவற்றின் கதை இதுதான். தமிழர்களுக்கு இது புதிதல்ல. பொற்கொல்லன் சொன்ன பொய்யைத் தீர விசாரிக்காமல் கண்ணகியின் கணவன் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். ஒற்றைச் சிலம்போடு அரசவை ஏறினாள் அவள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். தவறு தன்னுடையது என்று தெரிந்த அக்கணமே மன்னனின் உயிர் போனது. மதுரை எரிந்தது. அப்போதும் முதியவர்களையும் குழந்தைகளையும் தொடாதே என்று தீக்குக் கட்டளையிட்டாள் அவள்.

அதே பெயர் கொண்ட இன்னொரு பெண் விருத்தாசலம் அருகே வாழ்ந்தாள். அவள் கதையில் எந்த மாயமும் நடக்கவில்லை.

புதுக்கூரைப்பேட்டையின் கண்ணகி

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மணிமுத்தாற்றங்கரைப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். அடுத்தது பீங்கான். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டைச் சூளைகளில் வெந்த அகல் விளக்குகளும் பொம்மைகளும் எங்கெங்கோ போகின்றன. ஆனால் சட்டம் படிப்பவர்களும் மனித உரிமை பேசுபவர்களும் இந்த ஊர்ப் பெயரை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்: கண்ணகி–முருகேசன் வழக்கு.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள் இருவரும். முருகேசன் தலித், கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று, ஊரார் பார்த்துக்கொண்டிருக்க, இருவருக்கும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள் பெண்ணின் குடும்பத்தார். உடல்களை எரித்தார்கள்.

அதன்பிறகு நடந்தது அதைவிடக் கேவலம். காவல்துறை கொலையை மூடி மறைக்கப் பார்த்தது. முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திரித்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்களின் விடாப்பிடியான போராட்டத்தால் 2004இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. காவல்துறை அதிகாரிகள் இருவர் உட்பட 12 பேருக்கு ஆயுள் தண்டனை. 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் குற்றத்தை உறுதிசெய்தது.

மதுரைக் கண்ணகிக்கு அரசவையில் சில நொடிகளில் கிடைத்த நீதி, இந்தக் கண்ணகிக்குக் கிடைக்கக் கிட்டத்தட்ட 22 ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் உண்மை முதல் நாளே ஊருக்குத் தெரியும்.

இமையத்தின் பெண்கள்

மதுரைக் கண்ணகிக்கு இருப்பதுபோல, இந்த மண்ணின் பெண்களைப் பற்றி ஒரு காப்பியம் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருக்கிறது என்றே சொல்வேன். ஒரே நூலாக இல்லை. பல நாவல்களாக இருக்கிறது. எழுதியவர் 1964இல் கடலூர் மாவட்டத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, விருத்தாசலத்தில் வாழும் இமையம்.

1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் கதை. தலித் மக்களுக்கே துணி வெளுத்து, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவள். ‘செடல்’ பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமியின் கதை. ஊருக்கு மழை வரவேண்டும் என்று ஒரு குழந்தையின் வாழ்க்கையைச் சாமிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘வாழ்க வாழ்க’வில், ஹெலிகாப்டரில் வரும் தலைவியைப் பார்க்கக் கூலி கொடுத்து அழைத்துவரப்பட்ட கிராமத்துப் பெண்கள் கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் கிடக்கிறார்கள். இது வெறும் கற்பனை அல்ல. 2016 ஏப்ரலில் இதே விருத்தாசலத்தில் நடந்த தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் இரண்டு பேர் இறந்தே போனார்கள்.

2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ நாவலை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ரேவதி இன்ஜினீயரிங் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்து, வீட்டை மீறிக் கட்டிக்கொண்டவள். அடி, உதை, சந்தேகம். கடைசியில் உடல் கருகிப் புதுச்சேரி ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தலைமையாசிரியரான அப்பா நடேசன் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயாராக இருக்கிறார். அந்தப் பணம் எதற்கும் உதவவில்லை. வார்டு வாசலில் காத்திருக்கும் உறவினர்களின் பேச்சிலேயே நாவல் பெரும்பாலும் நகர்கிறது. அழுகிறார்கள், திட்டுகிறார்கள், யார்மீது பழி போடலாம் என்று தேடுகிறார்கள். அவள் உயிரோடு நல்லபடியாக இருந்தபோது அவளிடம் பேசாத பேச்சையெல்லாம் இப்போது பேசுகிறார்கள்.

மாயப் புனைவில் தீ பெண்ணின் கையில் இருக்கும் ஆயுதம். இமையத்தின் உலகில் தீ பெண்ணின் உடம்பில் பிடிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய காப்பியமாகப் படுகிறது. தெய்வம் வந்து கணக்கைத் தீர்க்கும் என்ற ஆறுதலை அது வாசகனுக்குத் தருவதில்லை. கணக்கு நம் தலையில்தான் விழுகிறது.

பெத்தவனின் முடிவு

2012இல் ‘பெத்தவன்’ என்ற நெடுங்கதையை எழுதினார் இமையம். தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொன்றுவிடு என்று அப்பனுக்கு ஊர் உத்தரவிடுகிறது. சரி என்று வாக்குக் கொடுத்த அவர், இரவோடு இரவாக மகளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவிட்டுத் தான் செத்துப்போகிறார். கதை வெளிவந்த சில வாரங்களில், அந்த ஆண்டு நவம்பரில், ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்துத் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள்.

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் வெகுகாலமாக எழுந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சட்டம் தாமதமின்றி வரவேண்டும். கொலையை மறைக்கும் காவலரையும், கூடி முடிவெடுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தையும் அது சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆனால் சட்டம் வருவது கொலைக்குப் பிறகு. கொலைக்கு முந்தைய இரவில், வீட்டுக்குள் நிற்பது பெற்றவர்கள் மட்டுமே.

‘பெத்தவன்’ சின்னப் புத்தகம்தான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெண் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு அப்பாவும் அண்ணனும் அதைப் படியுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வரும்போது, மகள் பக்கம் நில்லுங்கள்.