நாயின் நொண்டலும் அதன் பரிகாரமும்

வாயில்லாப் பிராணி தன் நோவை எடுத்துச் சொல்ல மாட்டாது. காலை ஊன்ற மறுத்தும், படியேறத் தயங்கியும், படுத்த இடத்தைவிட்டு எழப் பின்வாங்கியும் அது தன் துன்பத்தை உணர்த்துகின்றது. இவ்வடையாளங்களைச் சோம்பலென்றும் முதுமையென்றும் கொண்டு வாளாவிருப்போர் பலர். காலத்தோடு கவனித்தால் தணிக்கத்தக்க நோய், இதனாலேயே நிலையான முடமாகி விடுகின்றது.

நொண்டும் நாயைச் சோதிப்போர் முதற்கண் அதன் நடையை நோக்குதல் வேண்டும். முன்காலில் நோவுடைய நாய், அக்காலை ஊன்றும்போது தலையை உயர்த்தும். நற்காலை ஊன்றும்போது தாழ்த்தும். அடுத்துப் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஆராய்தல் முறை. விரலிடுக்கில் தைத்த முள்ளும் பிளந்த நகமுமே சில வேளைகளில் நொண்டலின் முழுக் காரணமாக இருப்பதுண்டு.

அல்சேஷன், லப்ரடோர் முதலிய பேரினங்களில் மிகுதியாகக் காணப்படுவது இடுப்பு மூட்டுக் குறைபாடு. ஷ்னெல் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர் 1935 ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். தொடையென்பின் தலை, இடுப்பென்பின் குழியில் இறுகப் பொருந்தாது தளர்ந்து அசைகின்றது. நாளடைவில் மூட்டுத் தேய்ந்து வாதம் பற்றுகின்றது. இந்நோயுள்ள குட்டி, பின்கால்கள் இரண்டையும் ஒன்றுசேர்த்து முயல்போலத் துள்ளி ஓடும். எக்ஸ்-கதிர்ப் படம் நோயை உறுதிப்படுத்தும். உடற்பாரத்தைக் குறைத்தல், அளவான நடை, நோவு தணிக்கும் மருந்து ஆகியவை பலருக்கும் இயன்ற பரிகாரங்கள். நோய் முற்றியவிடத்துத் தொடையென்பின் தலையை அகற்றியோ, செயற்கை மூட்டுப் பொருத்தியோ சத்திர சிகிச்சை செய்வர். இது பரம்பரையாகத் தொடர்வதாதலின், இக்குறையுடைய நாய்களை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது.

சிற்றினங்களிலே முழங்காற்சில்லு தன் பள்ளத்தினின்று விலகுவதுண்டு. அத்தகைய நாய் ஓடும்போது திடீரெனக் காலைத் தூக்கிச் சில அடி துள்ளி, பின்னர் யாதும் நிகழாததுபோல் நடக்கும். முழங்காலினுள்ளே குறுக்காக அமைந்த நார் அறுதல் இன்னொரு நோய். தொடையென்பை அசையாது பிடித்துக் கீழென்பை முன்னே தள்ளினால், மேசை லாச்சியைப் போல அது முன்னே நகரும். இச்சோதனையால் வைத்தியர் நோயை அறிவர். பாரமான நாய்களுக்குப் பெரும்பாலும் சத்திர சிகிச்சையே தக்கது.

குட்டிகளுக்கு வெறும் இறைச்சியையே ஊட்டுதல் நன்மையன்று. இறைச்சியில் பொசுபரசு மிகுதி. கல்சியமோ மிகச் சொற்பம். இச்சமனின்மையால் என்புகள் வலுவிழந்து சிறு அதிர்ச்சிக்கும் முறிகின்றன. ஆயின், பேரினக் குட்டிகளுக்குக் கல்சிய மருந்தை வேண்டியவாறு கொடுப்பதும் வளரும் என்புகளுக்குத் தீங்கே.

வாகனம் மோதிக் கால் முறிந்த நாயை எண்ணெய் பூசித் தேய்ப்பதும், காலை இழுத்து நேராக்க முயல்வதும் முறிவைப் பெருக்கும். அதனைப் பலகையொன்றில் மெல்லக் கிடத்தி வைத்தியரிடம் கொண்டு செல்வதே முறை. நோவு மிகுதியால் வளர்த்தவரையும் அது கடிக்கலாமாதலின் எச்சரிக்கை வேண்டும்.

மனிதருக்கான நோவு மாத்திரைகளை நாய்க்குத் தாமே கொடுத்தல் பேராபத்தாகும். இபுபுரோபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோல் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். அன்போடு கொடுத்த மாத்திரையே உயிர்க்கு உலையாகலாம்.

எல்லாவற்றினும் எளிய காப்பு அளவான உணவே. 48 லப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுதும் அவதானித்த ஆய்வொன்று 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உண்ட நாய்கள், மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. வாலாட்டி நிற்கும் நாய்க்கு மேலுமொரு பிடி சோறிடுவது அன்பென்று தோன்றும். அதன் கால்கள் சுமக்கவல்ல அளவறிந்து இடுவதே மெய்யான அன்பாகும்.