காந்தியோடு பத்து ஆண்டுகள்

தகவல் துளி.

காந்தியடிகளைப் பத்து ஆண்டுகள் மிக அருகிலிருந்து படமெடுத்தவர் கனு காந்தி. காந்தியடிகளுக்கு மகன் முறை உறவினரான நாரண்தாஸ் காந்தியின் மகன் இவர். சேவாகிராம ஆசிரமத்தில் எழுத்து வேலை பார்த்துவந்த இளைஞர். கேமரா வாங்கத் தொழிலதிபர் பிர்லா 100 ரூபாய் கொடுத்தார். காந்தியடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார்: பிளாஷ் கூடாது, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது, ஆசிரமப் பணம் செலவாகக் கூடாது.

பிளாஷ் இல்லாமல் குடிசைக்குள் படமெடுப்பது லேசான காரியமல்ல. அந்தக் கால பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அதனால்தான் பல படங்களில் பாதி முகம் இருளில் இருக்கிறது. அந்த இருளே அவற்றுக்கு அழகு. காதில் தொலைபேசியை வைத்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் காந்தியடிகளை 1938-இல் எடுத்த படத்தைப் பாருங்கள்: தலைவர் என்ற தோரணையே இல்லை, வீட்டுப் பெரியவர் போலத்தான் தெரிகிறார்.

எல்லாவற்றையும் எடுக்க அனுமதி கிடைத்துவிடவில்லை. 1944-இல் ஆகா கான் மாளிகையில் தம் மனைவி கஸ்தூரிபாயின் இறுதி நேரத்தைப் படமெடுக்க வேண்டாம் என்று காந்தியடிகள் தடுத்துவிட்டார்.

1948 ஜனவரி 30 அன்று கனு டெல்லியில் இல்லை, நவகாளியில் இருந்தார். சுடப்பட்டபோது காந்தியடிகளின் அருகில் நடந்துவந்த இரு பெண்களில் ஒருவர், கனுவின் மனைவி ஆபா.