பாறையைத் துளைக்கும் காற்று

கோவில்பட்டியை அடுத்த கடம்பூர்ப் பகுதி வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணுக்கு அடியில் கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் தங்கும். முன்பு கடப்பாறையும் வெடிமருந்தும் கொண்டு கிணறு வெட்டினர். பின்னர், பாறையில் வெடிக்குழி போடுவதற்குக் கம்பிரசர் எனப்படும் காற்றழுத்தப் பொறி டிராக்டரில் ஏறி வந்தது. இன்று அப்பொறி ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் அமர்ந்துள்ளது. அத்தகைய வண்டிகளுக்கு நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு பெயர்பெற்றது. அவ்வூர் வண்டிகள் வடமாநிலங்களுக்கும் செல்கின்றன. மழை பெய்த கரிசலில் சக்கரம் புதையுமாதலால், இங்கு அவற்றுக்குக் கோடையே பருவம்.

லாரியின் அடிச்சட்டத்தின்மீது கம்பிரசரும் அதை இயக்கும் டீசல் எஞ்சினும் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு அழுத்தப்பட்ட காற்று, உட்குழாயுள்ள இரும்புத் தண்டுகளின் வழியே கீழிறங்குகிறது. அடியிலுள்ள சம்மட்டியைப் பாறைமீது ஓயாமல் அடிக்கச் செய்வதும், நொறுங்கிய பொடியை மேலே அள்ளி வருவதும் அக்காற்றே. இரண்டாவது வேலையை எளிதென எண்ணலாகாது. காற்று குறைந்தால் பொடி அடியிலேயே தேங்கி, சம்மட்டியைச் சிக்கவைத்துவிடும்.

அடிக்கணக்கில் கூலி ஏறிக்கொண்டிருக்க, உழவர் பார்ப்பது துளையின் வாயை. வெண்புழுதி ஈரப்பொடியாகி, சேறாகி, நீராய்ப் பீறிட வேண்டும். புழுதியே தொடர்ந்தால், கடன் வாங்கித் துளையிட்டவர் நிறுத்துவதா, இன்னும் 100 அடி போவதா என்பதை அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.