குறுந்தகட்டு ஒலியைக் கோப்பாக மாற்றுதல்: பிழைகளும் பரிகாரமும்

கிராமியப் பாடல்கள், மொழிப் பாடங்கள், வேளாண்மை உரைகள் முதலியவற்றைக் குறுந்தகடுகளில் பதிந்து வைக்கும் வழக்கம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மிகுந்திருந்தது. பள்ளி அலமாரிகளிலும் கள அலுவலகங்களின் பெட்டிகளிலும் அத்தகைய தகடுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றிற்கு வேறு பிரதியே கிடையாது. அவற்றிற் பாடிய முதியவர் இன்று உயிருடன் இல்லாமலும் இருக்கலாம். தகட்டைப் படிக்கும் டிரைவ் என்னும் சாதனமும் புதிய கணினிகளில் பொதுவாக அமைக்கப்படுவதில்லை. ஆகவே, தகடு கெடுமுன் அதிலுள்ள ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றிக் காத்தல் இன்றியமையாதது. இவ்வேலையில் நேரும் பிழைகள் யாவை, அவற்றைக் கண்டறிந்து களைவது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

தகட்டின் அமைப்பு

பிலிப்ஸ், ஸோனி ஆகிய இரு நிறுவனங்கள் கூடி வகுத்த குறுந்தகடு 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இதன் விட்டம் 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கே தகட்டின் உடலாகும். அதன் மேற்புறத்தில் நுண்ணிய குழிகள் சுருள் வடிவில், உள்ளிருந்து வெளிநோக்கி அமைந்துள்ளன. அவற்றின்மீது மெல்லிய அலுமினியப் பூச்சும், அதைக் காக்க வார்னிஷ் போன்றதொரு படலமும், அதன்மேற் பெயர் அச்சும் உள்ளன. அடுத்தடுத்த இரு சுற்றுகளின் இடைவெளி 1.6 மைக்ரான் மட்டுமே. அதாவது ஒரு தலைமயிரின் கனத்துக்குள் ஏறக்குறைய 40 சுற்றுகள் அடங்கும். கணினியில் நாமே எழுதும் தகட்டிற் குழிகள் இல்லை. லேஸர் கதிரால் நிறம் மாற்றப்பட்ட சாயப் படலம் அவற்றின் வேலையைச் செய்கிறது. வெயிலும் வெப்பமும் இச்சாயத்திற்குப் பகை.

ஒலியானது ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, இடம் வலம் ஆகிய இரு பக்கங்களுக்கும் தனித்தனியே 16 பிட் எண்களாக எழுதப்படுகிறது. கோப்பாக மாற்றுதல் என்பது இவ்வெண்களைப் பிழையின்றித் திரும்பப் பெறுவதேயன்றி வேறன்று.

பிழை மறையும் விதம்

தூசியும் கீறலும் இல்லாத தகடு அரிது. எனவே, ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணித முறையைத் தழுவி, எண்களோடு பிழைதிருத்தக் குறிகளும் எழுதப்படுகின்றன. அடுத்தடுத்த எண்கள் ஓரிடத்தில் குவியாமல் பிரித்தும் வைக்கப்படுகின்றன. இதன் பயனாக, சுருளின் வழியே சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் அங்கிருந்த எண்களை முழுமையாக மீட்க முடிகிறது.

சேதம் இவ்வெல்லையைக் கடந்தால் ஒலிக்கருவி வேறோர் உபாயத்தைக் கையாளுகிறது. இழந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்டு ஓர் உத்தேச எண்ணை இட்டு நிரப்புகிறது. அதுவும் இயலாவிடின் ஒலியைக் கணநேரம் அடக்கிவிடுகிறது. கேட்பவருக்கு இது நன்மையே. ஆனால் ஆவணமாகக் காக்க விரும்புவோருக்கு இதுவே பெருந் தொல்லை. ஏனெனில் உத்தேச எண்ணும் உண்மை எண்ணும் கோப்பில் ஒரே தோற்றத்துடன் நிற்கின்றன. எழுத்தும் படமும் தாங்கிய தகடுகளில் ஒவ்வொரு பகுதியிலும் மற்றொரு சரிபார்ப்பு ஏற்பாடு உண்டு. ஒலித்தகட்டில் அது இல்லை. ஆகையால், பிழைச் செய்தி ஏதும் வராமையால் மட்டும் பிரதி சரியானது எனக் கொள்ளலாகாது.

குறிகளும் காரணங்களும்

தகட்டை டிரைவ் அறவே ஏற்காவிடில், முதலில் வேறொரு நல்ல தகட்டை இட்டுப் பார்க்கவேண்டும். அதுவும் ஏற்கப்படாவிடில் குறை டிரைவில் உள்ளது. பெரும்பாலும் வில்லையிற் படிந்த தூசியே காரணம். மற்றத் தகடுகள் ஏற்கப்படுமாயின், சந்தேகத்திற்குரிய தகட்டின் உள்வட்டத்தைக் கவனிக்க வேண்டும். பாடல்களின் அட்டவணை அங்குதான் எழுதப்பட்டிருக்கிறது. எழுதி முடித்தபின் முறைப்படி முடித்து மூடப்படாத தகடுகளும் இவ்வாறு மறுக்கப்படுவதுண்டு.

கடைசிப் பாடல்களில் மட்டும் படபடவென ஒலி எழுந்தால், விளிம்பில் விரல் அழுக்கோ கீறலோ இருக்கலாம். இரண்டு டிரைவ்களில் ஒரே விநாடியிற் பிழை தோன்றினால் குற்றம் தகட்டினுடையது. இடம் மாறிமாறித் தோன்றினால் டிரைவைச் சந்தேகிக்கலாம்.

செய்முறை

1. தகட்டை ஒளியிற் பிடித்து இருபுறமும் நோக்குக. விரிசல் கண்ட தகட்டை ஒருபோதும் சுழற்றலாகாது; அது சிதறக்கூடும்.

2. அழுக்கைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைப்பதால் விழும் கீறல் சுருளின் வழியே நீண்டு திருத்த எல்லையைக் கடந்துவிடும். நேர்க்கீறலோ ஒவ்வொரு சுற்றையும் சிறிதளவே வெட்டும். பெட்ரோல், அஸிடோன் முதலியன கூடா.

3. கீழ்ப்புறத்துக் கீறலை மெருகிட்டுக் குறைக்கலாம். பெயர் அச்சிட்ட மேற்புறத்துக் கீறல் அலுமினியத்தையே அழிப்பதால் அதற்குப் பரிகாரமில்லை. மேற்புறத்தில் காகிதச் சீட்டு ஒட்டுவதையும் கூரிய பேனாவால் எழுதுவதையும் தவிர்க்க.

4. வேகத்தைக் குறைத்துப் படிக்க. நான்கு மடங்கு வேகத்தில் தவறும் தகட்டை ஒரு மடங்கில் முயன்று பார்க்கலாம்.

5. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சிடிபாரனோயா போன்ற நிரல்களை உபயோகிக்க. இவை தகட்டை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிடுகின்றன. சாதாரண நிரலில் இரண்டாம் வாசிப்பு தகட்டிலிருந்து வராமல் டிரைவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வரக்கூடும். அத்தகைய ஒப்பீடு பயனற்றது.

6. பின்னர் மறுமுறை முழுதும் படித்து, இரு கோப்புகளின் சரிபார்ப்பு எண்களும் ஒத்துள்ளனவா எனக் காண்க. வெவ்வேறு டிரைவ்கள் சில அளவீடுகள் முந்தியோ பிந்தியோ தொடங்குவது இயல்பு. எனவே இவ்வொப்பீட்டை ஒரே டிரைவில் செய்தல் நலம்.

7. கோப்பை எம்.பி.3 வடிவில் மட்டும் வைத்தலாகாது. அதில் ஒலியின் ஒரு பகுதி நிரந்தரமாகக் கழிக்கப்படுகிறது. ஃப்ளாக் வடிவில் ஏதும் இழக்கப்படுவதில்லை; இடமும் பெரும்பாலும் ஏறக்குறைய பாதியே வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் வேண்டாத தகடொன்றின் கீழ்ப்புறத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள நேர்க்கோட்டை அழியும் மையால் வரைந்து ஒலிக்கச் செய்யலாம். பாடல் பெரும்பாலும் தடையின்றி ஒலிக்கும். அதைத் துடைத்துவிட்டு, சுற்றின் வழியே இரண்டு சென்டிமீட்டர் வளைகோடு வரைந்தால் பாடல் தடுமாறக் காணலாம். பிழைதிருத்தத்தின் ஆற்றலையும் எல்லையையும் மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய சோதனை வேண்டுவதில்லை.

மீட்ட கோப்பை இரு வேறு இடங்களில் வைத்து, பாடியவர், ஊர், பதிந்த நாள் ஆகியவற்றையும், திருத்த இயலாமற்போன விநாடிகளையும் உடன் குறித்து வைத்தல் வேண்டும். மூலத் தகட்டையும் எறிந்துவிடலாகாது. இன்று ஒரு டிரைவ் படிக்கத் தவறிய இடத்தை நாளை மற்றொரு டிரைவ் படித்துவிடக்கூடும்.