உங்களுக்குத் தெரியுமா? கத்தி தீட்டும் கணக்கு

● கத்தி தீட்டும்போது கல்லைவிட முக்கியம், கல் படும் கோணம். கையால் தேய்த்தால் இழுப்புக்கு இழுப்பு கோணம் மாறி, வெட்டுவாய் உருண்டுபோகும். கத்தியைக் கவ்வியில் இறுக்கி, கல்லைக் கம்பியில் மாட்டித் தேய்க்கும் கருவியில் அந்தத் தொல்லை குறைவு.

● இவ்வகையில் பெயர்பெற்ற லான்ஸ்கி கருவியில் கம்பியை நுழைக்க 4 நிலைகள்: 17, 20, 25, 30 டிகிரி. மிக மெல்லிய அலகுக்கு 17, சமையல் கத்திக்கு 20, வெளிவேலைக் கத்திக்கு 25, முரட்டு வேலைக்கு 30. இவை ஒரு பக்கத்துக்கான கணக்கு. பக்கத்துக்கு 20 என்றால் வெட்டுவாயின் மொத்தக் கோணம் 40.

● கருவியில் எழுதியிருக்கும் எண் தோராயமானதே! அகலமான கத்தியில் வெட்டுவாய் கவ்வியிலிருந்து தள்ளி நிற்பதால், உண்மையான கோணம் அதைவிடக் குறையும். நீளமான கத்தியில் நுனிப்பக்கமும் அப்படித்தான். அதனால்தான் நீளக் கத்தியைக் கவ்வி மாற்றிப் பிடித்து, பகுதி பகுதியாகத் தீட்டுகிறார்கள்.

● சரியான கோணம் எது என்று குழப்பமா? வெட்டுவாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லை இரண்டு முறை இழுங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் கோணம் குறைவு. விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம்.

● ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்க விளிம்பில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது அடிமுதல் நுனிவரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிறு வருமுன்னே நைஸ் கல்லுக்கு மாறினால், கத்தி பளபளக்கும், தக்காளி நசுங்கும்!

● பச்சை மீனைச் சீவும் ஜப்பானின் யானகிபா கத்திக்குச் சரிவு ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கும். இதை இரு பக்கமும் ஒரே கோணத்தில் தீட்டினால் கத்தியின் குணமே கெட்டுவிடும்.

● ரொட்டி அறுக்கும் பல் கத்திக்குத் தட்டைக் கல் உதவாது. உருளை வடிவக் கல்லால் ஒவ்வொரு பல்லிடுக்கையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும், அதுவும் சரிவுள்ள பக்கத்தில் மட்டும். மறுபக்கப் பிசிறை லேசாக வழித்துவிட்டால் போதும்.

● செராமிக் கத்தி சிர்கோனியாவால் ஆனது. இரும்புக் கத்தியைவிடக் கடினம், எளிதில் சில்லுத் தெறிக்கும். அதற்கு வைரத்தூள் பதித்த கல்தான் ஏற்றது.

● சுழலும் சாணைச் சக்கரத்தில் அதிகம் அழுத்தினால் விளிம்பு நீலம் பாயும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதற்கு அது அடையாளம். அந்த இடத்தில் எஃகின் கடினம் இறங்கியிருக்கும். கையால் தேய்க்கும் கருவியில் இந்தப் பயமில்லை.

● நம் அரிவாள்மனை எந்தக் கவ்விக்கும் அடங்காது. வளைந்த அலகு, மரத்தோடு பிணைந்த அடி. கத்தியை நகர்த்த முடியாது, கல்லைத்தான் வளைவோடு நகர்த்த வேண்டும்.

● முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சவர பிளேடைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது என்று 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். முடி சாய்வாகப் பட்டு, எஃகின் உள்ளமைப்பும் அந்த இடத்தில் சீரற்றிருந்தால் விளிம்பு உடைகிறது. முடிக்கே இப்படியென்றால், கண்ணாடிப் பலகைமேல் வெட்டும் கத்தி என்னாகும்? காய் நறுக்க மரப்பலகையே நல்லது.